கேன்யன் சுற்றுலா: ‘ஆப்ஷனல்’ தாளில் டிக் அடிப்பதற்கு முன்

அமெரிக்காவின் தென்மேற்கில் கிராண்ட் கேன்யன், பேஜ், மான்யுமென்ட் வேலி, பிரைஸ், ஸயான் என்று பஸ்ஸில் சுற்றிக் காட்டும் குடும்பச் சுற்றுலாவுக்கு முன்பணம் கட்டப் போகிறவர்கள், தயவுசெய்து இதைப் படித்துவிட்டுக் கட்டுங்கள். நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. வங்கியில் நாங்கள் கொடுத்த புகார் இன்னும் விசாரணையில் இருக்கிறது. அது முடியும்வரை வாயைக் கட்டிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார் என் கணவர். பெயர் இல்லாவிட்டாலும் ஆளை அடையாளம் கண்டுகொள்ளலாம். முதல் நாள் மாலை பஸ்ஸில் ஒரு வண்ணத் தாளை நீட்டுவார்கள். சுற்றுலாக் கட்டணத்தில் சேராத, தனியாகப் பணம் கட்டிப் போகவேண்டிய ‘ஆப்ஷனல்’ பயணங்களின் பட்டியல் அது. மறுநாள் காலைச் சிற்றுண்டிக்குள் டிக் அடித்து, கார்டைத் தேய்த்துவிட வேண்டும்.

அந்தத் தாளை ஊரிலிருந்து கிளம்பும் முன்பே கேட்டோம். “அங்கே போய் நிதானமாக முடிவு செய்துகொள்ளலாம் மேடம்” என்றார்கள். அங்கே போனதும் நிதானம் எங்கே போனதோ தெரியவில்லை. “இடம் குறைவு, காலைக்குள் சொல்லாவிட்டால் பிறகு என்னைக் குறை சொல்லக் கூடாது” என்று டூர் மேனேஜர் மைக்கில் அறிவித்தார். நீண்ட விமானப் பயணம் முடிந்து, மாமனார் மாமியார் அரைத் தூக்கத்தில் சாய்ந்திருக்க, பிள்ளைகள் பசி என்று பிடுங்க, ஹோட்டல் வைஃபை திணற, அந்த இரவில் எதை விசாரிப்பது? அந்த நேரத்தை வேண்டுமென்றே தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என்பது என் தீர்மானமான கருத்து.

தாளில் பெரிதாக இருந்த படம் ஆன்டலோப் கேன்யன். செம்மணற்கல் சுவர்கள் அலை அலையாக வளைந்து நிற்க, மேலேயுள்ள விரிசல் வழியாக ஒரே ஒரு ஒளிக்கற்றை தூண்போல மணலில் இறங்கும் படம். உலகம் முழுக்கப் பார்த்துப் பழகிய படம்தான். அதன்கீழ் “ஆன்டலோப் கேன்யன் அனுபவம், எல்லா வயதினருக்கும் ஏற்றது” என்று எழுதியிருந்தது. எந்த ஆன்டலோப், எத்தனை மணிக்கு என்று ஒரு வார்த்தை இல்லை.

இந்த இரண்டு கேள்விகளில்தான் எல்லாம் இருக்கிறது. பேஜ் நகரத்துக்கு அருகில், நவஹோ பழங்குடி மக்களின் நிலத்தில் இருக்கும் அந்தப் பள்ளத்தாக்கில் அப்பர், லோயர் என்று இரண்டு பிரபலமான பகுதிகள் உண்டு. இரண்டுக்கும் தனித்தனி வாசல், தனித்தனி வழிகாட்டிகள். ஒளித்தூண் படங்களுக்குப் பேர்போனது அப்பர். அங்கேயும் ஏறக்குறைய மார்ச் கடைசியிலிருந்து அக்டோபர் தொடக்கம் வரை, சூரியன் உச்சியில் இருக்கும் நடுப்பகலில்தான் அது விழும். லோயருக்கு நிலத்திலிருக்கும் ஒரு வெடிப்புக்குள் செங்குத்தான இரும்புப் படிகளில் இறங்க வேண்டும். சில இடங்களில் அவை படிகளே அல்ல, ஏணிகள். பாதை ஒருவழி, பாதியில் திரும்ப முடியாது.

எங்களுக்கு எடுத்திருந்தது லோயர். நேரம் மாலை நான்கு மணி.

படிகளின் தலைப்பில் நின்ற வழிகாட்டி ஒரு நவஹோப் பெண். என் மாமியாரின் முழங்காலில் இருந்த பட்டையைப் பார்த்தவுடனே அவர் முகம் மாறியது. “யார் இவர்களுக்கு இதை விற்றது?” என்றுதான் முதலில் கேட்டார். பிறகு கைப்பிடியைத் தட்டிக் காட்டி, பின்பக்கமாகத் திரும்பி, ஒவ்வொரு காலாக இறங்க வேண்டிய இடங்கள் இருக்கின்றன என்று விளக்கினார். அத்தை எட்டிப் பார்த்தார். ஓர் ஆள் அகலமே இருந்த அந்தப் பிளவுக்குள் இரும்புப் படி போய் வளைந்து மறைந்தது. “நீ பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் வா அம்மா, எனக்கு இந்த நிழல் போதும்” என்றார். டூர் மேனேஜர் அங்கே இல்லை. பஸ்ஸிலேயே இருந்துவிட்டார். போனில் பிடித்துக் கேட்டபோது, “அவர்களாகவே இறங்க மறுத்ததால் பணம் திரும்பக் கிடைக்காது மேடம். விதிமுறையில் இருக்கிறது” என்றார். வழிகாட்டிப் பெண்தான் எங்கிருந்தோ ஒரு நாற்காலியும் தண்ணீர் பாட்டிலும் கொண்டுவந்து கொடுத்தார். கையில் பை எதுவும் கொண்டுபோகக் கூடாது என்பது அங்குள்ள விதி. அத்தையின் மாத்திரைப் பையையும் எங்கள் பைகளையும் சேர்த்து அவரே காவல் காத்துக்கொண்டிருந்தார்.

லோயர் அழகில்லை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். உள்ளே சுவர்கள் மேலே ஆரஞ்சாகவும், கீழே போகப்போக ஊதாவாகவும் நிறம் மாறுகின்றன. விரலால் தடவினால் மாவு போல மணல் ஒட்டுகிறது. அதை அதன் பெயரைச் சொல்லியே விற்றிருந்தால் நாங்கள் நால்வர் டிக்கெட் எடுத்து மகிழ்ச்சியாகப் போய்வந்திருப்போம். வெளியே வந்து காலணியிலிருந்து மணலைக் கொட்டிக்கொண்டே என் மகன் கேட்டான்: “அந்த வெளிச்சம் எங்கே அம்மா?”

அப்பர் கிடைத்தால் பெரியவர்களுக்குச் சுலபம் என்று கண்ணை மூடிக்கொண்டு முடிவு செய்துவிடாதீர்கள். உள்ளே தரை மணல் பரப்பிய சமதளம்தான், ஆனால் திரும்பி வரும் பாதையில் அங்கும் படிகள் உண்டு. சின்னக் குழந்தை இருந்தால், வாசலிலிருந்து பள்ளத்தாக்கு வரை போகும் வண்டிக்குக் குழந்தை இருக்கை வேண்டுமா என்றும் கேளுங்கள்.

மழைக்கால விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 1997 ஆகஸ்ட் 12 அன்று, லோயர் ஆன்டலோப்பில் திடீர் வெள்ளம் புகுந்து 11 சுற்றுலாப் பயணிகள் இறந்தார்கள். மழை பெய்தது அங்கே அல்ல, மைல்கணக்கில் தள்ளி. தலைக்கு மேலே வானம் தெளிவாக இருந்தாலும் வழிகாட்டி “இன்று இல்லை” என்றால் இல்லைதான். அதில் சண்டை போடக் கூடாது. ஆனால் பணம்? எங்கள் தாளின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில், வானிலையால் ரத்தானால் பணம் திரும்பாது என்று இருந்தது. தாங்களே ரத்து செய்தால் முழுப் பணத்தையும் கொடுத்துவிடுவோம் என்று அந்த நவஹோப் பெண் சொன்னார். அப்படியானால் திரும்பி வந்த பணம் யார் பையில் தங்கும்? கணக்குத் தெரிந்தவர்கள் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் வரை அந்தப் பகுதிக்கு மழைப் பருவம். 

அடுத்தது ஹெலிகாப்டர். தாளில் இருந்த படத்தில், கிராண்ட் கேன்யனின் அடியில் ஆற்றோரமாக ஹெலிகாப்டர் இறங்கி நிற்க, பக்கத்தில் ஒரு குடும்பம் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது. நாங்கள் ஏறியது கிராண்ட் கேன்யனின் தெற்கு விளிம்புக்கு வெளியே இருக்கும் டுசாயன் என்ற ஊரில். அங்கிருந்து கிளம்பும் ஹெலிகாப்டர் எதுவும் கீழே இறங்காது, இறங்கவும் முடியாது. 1986 ஜூனில் கிராண்ட் கேன்யன் மேலே ஒரு ஹெலிகாப்டரும் ஒரு சிறு விமானமும் மோதி 25 பேர் இறந்தார்கள். அடுத்த வருடம் வந்த சட்டத்துக்குப் பிறகு, தேசியப் பூங்காவுக்குள் விளிம்புக்குக் கீழே சுற்றுலா ஹெலிகாப்டர் பறப்பதற்குத் தடை. அடியில் இறங்கும் பயணம் என்பது மேற்கே, ஹுவாலபாய் பழங்குடியினரின் நிலத்தில் நடப்பது. அது தேசியப் பூங்காவே அல்ல. தெற்கு விளிம்பிலிருந்து காரில் நான்கு மணி நேரத்துக்கும் மேலே ஆகும். 2007இல் திறந்த கண்ணாடி நடைமேடையும் அங்கேதான் இருக்கிறது. இரண்டுமே ‘கிராண்ட் கேன்யன்’ என்ற ஒரே பெயரில் விற்கப்படுவதால், மேற்கின் படத்தைப் போட்டுத் தெற்கை விற்பது மிகச் சுலபம்.

பறந்தது நன்றாகத்தான் இருந்தது. காடு சட்டென்று முடிந்து தரை விழுந்துவிடும் அந்த ஒரு நொடிக்கு என் மாமனார் இன்னும் ஆள் பிடித்துக் கதை சொல்லிக்கொண்டிருக்கிறார். ஆனால் கவுன்டரில் எல்லோரையும் எடை போட்டு, எடைக்கேற்ப அவர்களே இருக்கை ஒதுக்கினார்கள். தாளில் “அனைவருக்கும் சன்னலோரம்” என்று இருந்ததே என்று கேட்டால், கவுன்டரில் இருந்த பெண் சிரித்துவிட்டாள். அவள் தலைக்கு மேலே தொங்கிய பலகையில், அதே பயணத்துக்கு நாங்கள் கொடுத்ததைவிடத் தலைக்கு 70 டாலர் குறைவாக எழுதியிருந்தது.

இவ்வளவையும் பொறுத்துக்கொள்வேன். பொறுக்க முடியாதது, ஹெலிகாப்டர் வேண்டாம் என்று சொன்ன குடும்பங்களுக்கு நடந்தது. எல்லோரும் ஒரே பஸ். நாங்கள் பறந்து முடிக்கும்வரை அவர்களை டுசாயனில் ஒரு நினைவுப்பொருள் கடையில் இறக்கிவிட்டார்கள். எடை, பாதுகாப்பு விளக்கம், வரிசை, தாமதம் எல்லாம் சேர்ந்து பிற்பகலில் பாதி போயிற்று. சில கிலோமீட்டர் தள்ளி, 446 கிலோமீட்டர் நீளமும் 1.6 கிலோமீட்டருக்கு மேல் ஆழமும் கொண்ட அந்தப் பள்ளம் திறந்து கிடக்கிறது. இவர்கள் காந்தப் பொம்மைகளைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். பிறகு விளிம்பில், மேதர் பாயின்ட்டில், எல்லோருக்கும் ஐம்பது நிமிடம். பயணத்திட்டத்தில் “கிராண்ட் கேன்யனில் அரை நாள்” என்று அச்சடித்திருந்தது. அதற்கு ஏற்கெனவே பணம் கட்டியாயிற்று. அந்த அரை நாளை அறுத்துத்தான் ஹெலிகாப்டருக்கு நேரம் எடுத்திருக்கிறார்கள்.

பூங்காவுக்குள் விளிம்பு நெடுக இலவச ஷட்டில் பஸ் ஓடுகிறது. ரேஞ்சர்கள் எனப்படும் பூங்கா ஊழியர்கள் காசு வாங்காமல் நின்று விளக்கம் சொல்கிறார்கள். பிள்ளைகளுக்கு ஜூனியர் ரேஞ்சர் புத்தகம் சும்மா கொடுக்கிறார்கள். அதிலுள்ள வேலைகளை முடித்துக் காட்டினால் உறுதிமொழி எடுக்கவைத்து பேட்ஜ் குத்திவிடுகிறார்கள். என் மகள் புத்தகத்தை வாங்கினாள். முடிக்க நேரமில்லை. இவை எதுவும் அந்தத் தாளில் இல்லை, இருக்கவும் இருக்காது.

ஹார்ஸ்ஷூ பெண்டைப் பற்றி நினைத்தால் இன்னமும் எரிச்சல் வருகிறது. பேஜுக்கு வெளியே, கொலராடோ ஆறு குதிரைலாடம் போல் வளையும் இடம். வாகன நிறுத்தத்திலிருந்து போக, வர மொத்தம் 2.4 கிலோமீட்டர் நடை. ஒரு காருக்கு நிறுத்தக் கட்டணம் 10 டாலர், நடப்பதற்குத் தனியாக எதுவும் இல்லை. இதைத் தாளில் ஆப்ஷனல் என்று போட்டுத் தலைக்கு 39 டாலர் வாங்கினார்கள். பணம் கட்டாதவர்கள் அதே பஸ்ஸில், அதே வாகன நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தார்கள்! ஒரு வயதானவர் இறங்கி நடக்கப் போனபோது மேனேஜர் தடுத்ததை என் கண்ணால் பார்த்தேன். யாரும் போகலாம் என்ற பொது இடத்துக்கு இவர் யார் வாசல் காக்க?

நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும். படகுப் பயணம் கொடுத்த காசுக்குத் தகுந்தது. தாளில் அதற்கு “சாகச விரும்பிகளுக்கு” என்று போட்டிருந்தார்கள். மேனேஜரும் பெரியவர்களுக்கு வேண்டாம் என்றார். வேறொரு குடும்பம் அடித்துச் சொன்னதால்தான் எடுத்தோம். உண்மையில் அது கிளென் கேன்யன் அணைக்குக் கீழிருந்து லீஸ் ஃபெரி வரை ஏறத்தாழ 24 கிலோமீட்டர், மோட்டார் வைத்த பெரிய ரப்பர் படகில், சுழலோ அருவியோ இல்லாத அமைதியான நீரில் போவது. அணையின் ஆழத்திலிருந்து வருவதால் கோடையிலும் தண்ணீர் பனிக்கட்டியாகச் சில்லிடுகிறது. நடுவில் கரையிறங்கிப் பாறையில் செதுக்கிய பழங்கால உருவங்களைப் பார்க்கலாம். ஹார்ஸ்ஷூ பெண்டின் அடியிலேயே படகு வளைந்து போகிறது. ஏணி இறங்க முடியாத அத்தைக்கு அன்றுதான் இந்தப் பயணத்தில் மனம் நிறைந்தது. நுரை பொங்கும் என்று எதிர்பார்த்த என் மகன்தான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். யாருக்கு எது பொருந்தும் என்பதைத் தாள் தலைகீழாகச் சொல்லியிருந்தது.

எனவே போகிறவர்கள் கிளம்பும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: எந்த இடம், எந்த மணி, எங்கிருந்து கிளம்பும், உள்ளூரில் நடத்துபவர் யார். அவர் பெயர் கிடைத்துவிட்டால் நேரடி விலையை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். வேண்டாம் என்பவர்களை அந்த நேரத்தில் எங்கே வைத்திருப்பார்கள் என்பதையும் கேளுங்கள். எனக்கு இப்போது விலையைவிட இதுதான் பெரிய கேள்வியாகத் தெரிகிறது. ஆன்டலோப்புக்குத் தனியாக முன்பதிவு செய்வதானால் கடிகாரத்தில் கவனம் வேண்டும். அரிசோனா கோடை நேரத்துக்கு மாறுவதில்லை, நவஹோ நிலத்தில் மாறுகிறார்கள். பேஜில் நிற்கும்போதே சில போன்கள் ஒரு மணி நேரம் தாவிவிடும். அங்குள்ள முன்பதிவுகள் அரிசோனா நேரப்படி.

திரும்பி வந்ததும் நிறுவனத்துக்கு எழுதினோம். ஆப்ஷனல் டூர்களை நடத்துவது உள்ளூர்க்காரர்கள், நாங்கள் வெறும் இடைத்தரகர்கள் என்று பதில் வந்தது. ஆனால் கார்டு ஸ்டேட்மென்ட்டில் பணம் வாங்கியவராக இருப்பது இவர்களுடைய பெயர்தான். அதை வைத்துத்தான் என் கணவர் வங்கியில் புகார் கொடுத்தார். அத்தையின் ஆன்டலோப் கட்டணத்தை வங்கி தற்காலிகமாகத் திருப்பி வரவு வைத்திருக்கிறது. ஹார்ஸ்ஷூ பெண்டுக்கு வாங்கியது ‘வழிகாட்டிக் கட்டணம்’ என்று நிறுவனம் வாதாடுகிறது; வழிகாட்டி அப்போது பஸ்ஸில் ஏசி போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார்.

ஹெலிகாப்டருக்கு, தாளில் என்ன படம் இருந்தது என்று காட்டச் சொல்லி வங்கி கேட்டது. டிக் அடித்த தாள்களை மேனேஜர் அன்று காலையே ஒன்று விடாமல் திரும்ப வாங்கிக்கொண்டார். ஒளித்தூண் பிடித்துப்போய் என் மகன் இரவில் அதை ஐபேடில் படம் எடுத்து வைத்திருந்ததால் முன்பக்கம் எங்களிடம் இருக்கிறது. பொடி எழுத்து இருக்கும் பின்பக்கம் இல்லை. இதே சுற்றுலாவுக்குப் போய்வந்த யாராவது அதைப் படம் எடுத்து வைத்திருந்தால் எனக்கு அனுப்புங்கள்.