பச்சைக்கிளியா, ஆப்பிரிக்கன் கிரேயா, காக்டெயிலா?

மகள் கிளி கேட்டபோது இந்த மூன்றில் ஒன்று என்று தேடத் தொடங்கினோம். கடைசியில் வீட்டுக்கு வந்தது ஒரு ஜோடி காக்டெயில், கொண்டை வைத்த சின்னக் கிளி வகை. அதை முடிவு செய்தது விலையோ அழகோ இல்லை, சட்டம்.

பச்சைக்கிளி பற்றி நீட்ட வேண்டியதில்லை. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் இருக்கிற பறவை. பிடிப்பதும் விற்பதும் கூண்டில் வைத்திருப்பதும் குற்றம். "தாத்தா காலத்திலேர்ந்து வளர்க்கிறோம்" என்ற பேச்சு அங்கே செல்லாது.

மனசு இழுத்தது ஆப்பிரிக்கன் கிரே பக்கம்தான். நண்பர் வீட்டில் அது பேசுவதைக் கேட்டிருக்கிறேன். காக்டெயிலின் சீட்டி அதற்கு ஈடே இல்லை. ஆனால் 2016 ஜோகன்னஸ்பர்க் மாநாட்டில் சைட்டிஸ் என்ற, அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலுக்கு ஏறிய பறவை அது. 2022 திருத்தம் சைட்டிஸ் பட்டியல்களை நம் சட்டத்தின் நான்காம் அட்டவணைக்குள் கொண்டுவந்தது. 2024 பிப்ரவரியில் வந்த விதிகளின்படி அதை வைத்திருப்பவர் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்யவேண்டும்.

"பேப்பரெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம் சார்" என்றார் ஒரு கடைக்காரர். அங்கிருந்து அப்படியே கிளம்பிவிட்டேன்.

பதிவு ஒரு தடவையோடு முடிந்தால் நானும் கிரேயையே வாங்கியிருப்பேன். குஞ்சு பொரித்தால், கைமாறினால், இறந்தால் ஒவ்வொன்றையும் தெரிவிக்க வேண்டும். கிரே 40, 50 வருடம் வாழக்கூடியது. எனக்கு இப்போது 46. அப்படியானால் அது ஒருநாள் இன்னொருவர் கைக்குப் போயே தீரும். அன்றைக்குக் காகிதத்தில் ஒரு ஓட்டை இருந்தால் பதில் சொல்ல நான் இருக்கமாட்டேன், மகள்தான் நிற்பாள். பறவையோடு இந்தப் பொறுப்பையும் அவள் தலையில் கட்ட மனம் வரவில்லை.

காக்டெயில் சைட்டிஸ் பட்டியலில் இல்லை, அதனால் இந்தப் பதிவும் தேவையில்லை. ஆயுள் 15, 20 வருடம். தினை, கம்பு, கொஞ்சம் கீரை போதும். இறகிலிருந்து மாவு போலத் தூள் உதிரும். வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருந்தால் யோசியுங்கள். எங்கள் அனுபவம் 2 வருடம்தான், முதுமையில் அது என்ன வைத்தியம் கேட்கும் என்பதை இனிமேல்தான் பார்க்கவேண்டும்.

"லவ் பேர்ட்ஸ் வாங்கலாமா?" என்று கேட்பவர்களுக்கு ஒன்று: நம் ஊரில் அந்தப் பெயரில் விற்கிற சின்னப் பறவை பெரும்பாலும் பட்ஜி என்ற குட்டிக் கிளி வகை, அதற்கும் பதிவு வேண்டாம். நிஜ லவ்பேர்டில் பீச் முக வகைக்கு மட்டும் விலக்கு உண்டு. ஃபிஷர் வகை சைட்டிஸ் பட்டியலில் இருக்கிறது. இனத்தின் பெயரை ரசீதில் எழுதி வாங்குங்கள்.