ஆக்ஸர்வேட் கண் சொட்டு: மருந்து அருமை, குப்பியிலிருந்து எடுப்பதுதான் பெரும்பாடு

கண்ணில் வலிக்கும் புண்ணைவிட வலிக்காத புண்ணுக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும். கருவிழிக்கு உணர்வு தருவது, முகத்துக்கு உணர்வு தரும் ட்ரைஜெமினல் நரம்பின் ஒரு கிளை. அது பழுதானால் தூசி விழுந்தாலும் தெரியாது, இமைப்பது குறையும், மேல்படலம் உரிந்தால் மூடாமல் அப்படியே நிற்கும். இதுதான் நியூரோட்ரோபிக் கெரடைடிஸ். கண்ணைத் தாக்கிய அக்கி, ஹெர்பிஸ், நாள்பட்ட சர்க்கரை நோய், காது நரம்புக் கட்டிக்கான அறுவை சிகிச்சை, கெடாமல் காக்கும் பதனப்பொருள் கலந்த சொட்டுகளை ஆண்டுக்கணக்கில் விடுவது என்று காரணங்கள் பல.

கருவிழி நரம்பின் வேலை உணர்வதோடு முடிவதில்லை. அதன் நுனிகளிலிருந்து 11 அமினோ அமிலங்கள் கொண்ட சப்ஸ்டன்ஸ் பி, 37 கொண்ட சிஜிஆர்பி போன்ற பெப்டைடுகள், அதாவது குட்டிப் புரதங்கள், சுரந்து, மேல்படலச் செல்களைப் பெருகச் சொல்கின்றன. அந்தச் செல்களோ நரம்பு வளர்ச்சிக் காரணியைச் சுரந்து நரம்பைக் காக்கின்றன. ஒரு பக்கம் நின்றால் மறுபக்கமும் படுத்துவிடும். செயற்கைக் கண்ணீரும் புண்ணை மூடிவைக்கும் பேண்டேஜ் லென்ஸும் புண்ணுக்குப் பாதுகாப்புத் தரும். நின்றுபோன இந்தப் பேச்சுவார்த்தையைத் தொடங்கிவைக்காது. ஆக்ஸர்வேட் அதைத்தான் செய்ய முயல்கிறது.

இதில் இருப்பது செனெகெர்மின்: மனித நரம்பு வளர்ச்சிக் காரணியை ஈ.கோலை பாக்டீரியாவில் தயாரித்த வடிவம். ஒரு சங்கிலிக்கு 118 அமினோ அமிலங்கள். இந்தக் காரணிக்காகவே ரீட்டா லெவி-மொண்டால்சினிக்கு 1986இல் நோபல் பரிசு கிடைத்தது. வளர்ச்சிக் காரணி ஆய்வுக்காக ஸ்டான்லி கோஹனும் அதைப் பகிர்ந்துகொண்டார். இத்தாலியின் டோம்பே நிறுவனம் தயாரிக்கும் இந்தச் சொட்டுக்கு 2017இல் ஐரோப்பாவிலும் 2018இல் அமெரிக்காவிலும் அனுமதி கிடைத்தது. செறிவு மில்லிலிட்டருக்கு 20 மைக்ரோகிராம். ‘கண்ணுக்கான பெப்டைடு’ என்று விற்கும் மாத்திரைகளோடு இதைச் சேர்த்துப் பார்க்கக் கூடாது. இவ்வளவு பெரிய புரதத்தை விழுங்கினால் குடலிலேயே செரிந்துவிடும். சொட்டாக விட்டால்தான் கருவிழிக்குப் போய்ச்சேரும்.

பலன் உண்மையானது. 8 வார முடிவில் கருவிழி முழுமையாக ஆறியவர்கள் ஓர் ஆய்வில் 72 சதவீதம், மருந்தில்லாத சொட்டு விட்டவர்களில் 33.3 சதவீதம். இன்னொன்றில் 65.2க்கு எதிராக 16.7. இரண்டு ஆய்வுகளிலும் இருந்தவர்கள் மூடாத உரிவோ ஆழமான புண்ணோ உள்ளவர்கள், அதாவது இரண்டாம், மூன்றாம் நிலை நோயாளிகள். புண் ஆறுவதில் தெரிந்த இந்தப் பெரிய வித்தியாசம் உணர்வு திரும்புவதில் தெரியவில்லை. விழுந்துவிட்ட தழும்பும் இதனால் கரையாது.

இனி பயன்படுத்தும் முறை. நல்ல மருந்து வீணாவது இங்கேதான். வாரத்துக்கு 7 குப்பிகள்; மருந்தகத்தில் ஃப்ரீசர், வீட்டில் 2 முதல் 8 டிகிரி வரை ஃபிரிட்ஜ். வாங்கிய 5 மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்துவிட வேண்டும், 14 நாளுக்குள் பயன்படுத்திவிட வேண்டும். உறைந்த குப்பி வந்தால் தானாக உருகட்டும். குலுக்கக் கூடாது, மறுபடி உறைய வைக்கவும் கூடாது. திறந்த குப்பிக்கு ஆயுள் 12 மணி நேரம். 2 மணி நேரத்துக்கு ஒருமுறை, நாளைக்கு 6 முறை என்பதால் காலை 8 மணிக்குத் திறந்தால் மாலை 6 மணிக்குக் கடைசிச் சொட்டு. காலையில் தாமதித்தால் இரவுத் தூக்கம்தான் கெடும். அடியில் மிச்சமிருந்தாலும் மறுநாளுக்கு வைக்காமல் கொட்டிவிடுங்கள்.

குப்பியின் பிளாஸ்டிக் மூடியை எடுத்துவிட்டு, குப்பியின் வாயில் மாட்டும் இணைப்பான அடாப்டரை அதன் உறையிலிருந்து எடுக்காமலே நேராக மேலே வைத்து அழுத்த வேண்டும். சாய்த்து அழுத்தினால் குப்பியின் ரப்பர் அடைப்பில் அடாப்டரின் முள் சரியாக இறங்காது, பிறகு நாள் முழுக்கத் தகராறு. ஒருமுறை மாட்டிய அடாப்டரைக் கழற்றக் கூடாது. ஒவ்வொரு முறையும் அதன் வால்வைக் கிருமிநாசினித் துண்டால் துடைத்து, ஒரு நிமிடம் காயவிட்டு, புதிய பிப்பெட்டை (மருந்தை இழுத்துச் சொட்டாக விடும் குழாய்) வலஞ்சுழியாகத் திருகி, அதன் தண்டை முழுவதும் உள்ளே தள்ளுங்கள். குப்பியைத் தலைகீழாகப் பிடித்துத் தண்டை நிற்கும்வரை மெதுவாக இழுங்கள். வேகமாக இழுத்தால் காற்றுக்குமிழ்தான் வரும். ‘சொட்டே விழவில்லை’ என்ற புகாருக்கு இது முக்கியக் காரணம். குமிழ் தெரிந்தால் தலைகீழாகவே வைத்து உள்ளே தள்ளி மறுபடி இழுத்தால் போதும். கீழிமையை இழுத்து அந்தப் பள்ளத்தில் ஒரு சொட்டு விடுங்கள். இரண்டு கண்ணுக்கும் மருந்து என்றால் கண்ணுக்கு ஒரு பிப்பெட். கை நடுங்குபவரோ பார்வை மங்கியவரோ இதைத் தனியாகச் செய்வது கஷ்டம்; உதவிக்கு ஆள் இருப்பதை உறுதி செய்துகொண்டே சிகிச்சையைத் தொடங்க வேண்டும். இத்தனை அருமையான மருந்துக்கு இதைவிட எளிய கருவியை நிறுவனம் தந்திருக்கலாம்.

மற்ற சொட்டுகளுக்கு 15 நிமிட இடைவெளி வேண்டும். களிம்பும் கெட்டியான ஜெல்லும் இதற்குப் பிறகுதான். முன்னால் போட்டால் படிந்து வழிமறிக்கும். லென்ஸைக் கழற்றிவிட்டு மருந்து விட்டு 15 நிமிடம் கழித்து மாட்டலாம். பென்சல்கோனியம் குளோரைடு என்ற பதனப்பொருள் கலந்த சொட்டும் ஸ்டீராய்டும் புண் ஆறுவதைத் தடுக்கும். அவற்றை மாற்ற முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். ஒரு வேளை விட்டுப்போனால் அடுத்த வேளையிலிருந்து வழக்கம்போல் தொடரலாம், இரட்டிப்பாக விட வேண்டாம். கண்ணில் கிருமித்தொற்று இருந்தால் முதலில் அது குணமாக வேண்டும்.

சுமார் 16 சதவீதம் பேருக்குக் கண் வலி வருகிறது. இத்தனை நாள் மரத்துக்கிடந்த கண் திடீரென வலித்தால் பயந்து நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்துவதற்கு முன் மருத்துவரிடம் காட்டுங்கள், பெரும்பாலும் தொடரவே சொல்வார். ஆனால் வலியோடு சிவப்பும் சீழும் சேர்ந்தால் அன்றைக்கே போய்விட வேண்டும்.

8 வாரத்தில் ஆறிய பிறகும் கண்காணிப்பு தேவை. ஆய்வுகளில் ஆறியவர்களில் ஒன்றில் சுமார் 20 சதவீதத்தினருக்கும் இன்னொன்றில் 14 சதவீதத்தினருக்கும் புண் திரும்பியது. அது திரும்பும்போதும் வலிக்காது என்பதால், புண்ணைக் காட்டிக்கொடுக்கும் ஃப்ளூரசீன் சாயமிட்டு ஸ்லிட் லாம்ப் என்ற கண் நுண்ணோக்கியில் பார்க்கும் பரிசோதனைத் தேதிகளைத் தவறவிடக் கூடாது.