அரக்கோணத்தில் வீடு, அம்பத்தூரில் வேலை: குடியிருப்பவளின் விமர்சனம்

சென்னையில் வாடகை கொடுத்துக் கட்டுப்படியாகவில்லை, அரக்கோணம் பக்கம் வந்துவிடலாமா என்று என்னிடம் கேட்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள். எல்லோரிடமும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: வேலை எங்கே? ஆவடி, அம்பத்தூர், வில்லிவாக்கம், பெரம்பூர், சென்ட்ரல் என்று ரயில் பாதையை ஒட்டி வேலை இருந்தால் தைரியமாக வரலாம். சோழிங்கநல்லூர், சிறுசேரி என்றால் வாடகை பாதியாக இருந்தாலும் வேண்டாம். சென்ட்ரலில் இறங்கிய பிறகு அவர்களுக்கு இன்னொரு பயணம் பாக்கி இருக்கிறது. தினமும் அப்படிப் போய்வர உடம்பு தாங்காது.

எங்கள் குடும்பத்துக்கு இந்த ஊர் அமைந்ததற்குத் தனிக் காரணம் உண்டு. எனக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவு. வீட்டுக்காரருக்கு ராணிப்பேட்டை சிப்காட்டில் வேலை. வில்லிவாக்கத்தில் இருந்தபோது அவர் வாரம் முழுக்க அங்கே ஒரு அறையில் தங்கி, சனிக்கிழமை ராத்திரிதான் வீட்டுக்கு வருவார். பிள்ளைக்கு அப்பா வாரத்துக்கு ஒரு நாள் வரும் விருந்தாளி ஆகிவிட்டார். இப்போது காலையில் ஒரே ஸ்டேஷனுக்குப் போகிறோம். நான் கிழக்கே சென்னை வண்டி, அவர் மேற்கே காட்பாடி வண்டி. அவர் இறங்குவது வாலாஜா ரோடு. 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்தில் கிளம்பிய தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் வந்து நின்றதும் அந்த ஊரில்தான். அந்தப் பாதையால்தான் இன்று எங்கள் வீட்டில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து ராத்திரி சாப்பிடுகிறோம். இதற்கு நான் எத்தனை மதிப்பெண் வேண்டுமானாலும் கொடுப்பேன்.

வாடகைக் கணக்குக்கு வருகிறேன். வில்லிவாக்கத்தில் முதல் மாடி, ஒரு படுக்கையறை, ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர், 13,000 ரூபாய். இங்கே தனி வீடு, இரண்டு படுக்கையறை, பின்னால் துணி துவைக்கும் கல், ஒரு வேப்பமரம், 7,500 ரூபாய். மிச்சமாகும் 5,500 அப்படியே கைக்கு வராது. இரண்டு பேருக்கும் சீசன் டிக்கெட், ஸ்டேஷனில் வண்டி நிறுத்தும் காசு, குடிக்கக் கேன் தண்ணீர், கோடையில் ஏறும் கரண்ட் பில் எல்லாம் போக நாலாயிரத்துச் சொச்சம் நிற்கும். அதில் சீசன் டிக்கெட் மிகச் சின்னத் தொகை. இதே தூரத்தை பைக்கில் போனால் சில நாள் பெட்ரோலுக்கே அந்தக் காசு போய்விடும். வீட்டுக்காரர் தங்கியிருந்த அறை வாடகையும், ஓட்டல் சாப்பாட்டுச் செலவும் நின்றது தனி. நின்ற பணத்தை மகன் பேரில் தபால் ஆபீஸ் ஆர்.டி.யில் போட்டு வருகிறோம்.

இனி ரயில். இங்கே குடியிருப்பதன் முக்கால்வாசி சுகமும் சிரமமும் அதில்தான் இருக்கிறது.

சென்ட்ரலில் இருந்து அரக்கோணம் ஏறத்தாழ 69 கிலோமீட்டர். எல்லா ஸ்டேஷனிலும் நிற்கும் லோக்கல் வண்டிக்கு இரண்டு மணி நேரம் பிடிக்கும். எக்ஸ்பிரஸ் என்றால் ஒரு மணி நேரம் சுமார். பெரம்பூர், சென்ட்ரல் போகிறவர்கள் ஜோலார்பேட்டையில் இருந்து வரும் ஏலகிரி எக்ஸ்பிரஸ் மாதிரி வண்டிகளைப் பார்த்து வைத்துக்கொள்வார்கள். சீசன் டிக்கெட்டை வைத்துக்கொண்டு முன்பதிவுப் பெட்டியில் ஏறக் கூடாது என்பதைப் புதிதாக வருபவர்கள் கவனிக்க வேண்டும். எனக்கு லோக்கல்தான் தோது. பட்டரவாக்கத்தில் இறங்கினால் எஸ்டேட் நடக்கும் தூரம்.

காலையில் இந்த ஊர்க்காரர்களுக்கு உள்ள பெரிய லாபம் சீட். இங்கேயே கிளம்பும் வண்டியில் ஏறினால் எந்தப் பக்கம் வெயில் விழாதோ அந்தப் பக்கம் பார்த்து உட்காரலாம். திருத்தணியில் இருந்து வருகிற வண்டியும் இங்கே வரும்போது பெரும்பாலும் இடத்தோடுதான் வரும். திருவள்ளூரில் ஏறுபவர்களுக்கே நிற்க வேண்டி வரும், திருநின்றவூரில் ஏறுபவர்களுக்குக் கம்பியைப் பிடிக்கவே பாடு. நாங்கள் சென்னைக்குத் தூரமாக இருப்பவர்கள், ஆனால் உட்கார்ந்து போகிறோம். புட்லூர், செவ்வாப்பேட்டைப் பக்கம் வீடு எடுத்த என் கூட வேலை செய்யும் பெண்கள் தூரத்தில் பாதிதான் வருகிறார்கள், ஆனால் என்னைவிடக் களைத்துப்போய் சீட்டில் வந்து விழுகிறார்கள்.

பெண்கள் பெட்டிக்கென்று ஒரு குடும்பம் இருக்கிறது. அரக்கோணத்தில் ஏறியதும் மடியில் ஒரு துணியை விரித்து, ஈரம் சொட்டும் பையில் இருந்து மல்லிகை மொட்டை எடுத்துக் கட்டத் தொடங்குவார் ஒரு அக்கா. இடது கையில் நாலு மொட்டை எதிரும் புதிருமாக வைத்து, வலது கையால் நாரைச் சுற்றி இழுத்து முடிச்சுப் போடுவதை அவர் குனிந்து பார்ப்பதே கிடையாது. கண் ஜன்னலில், வாய் எங்களோடு பேச்சில், விரல் மட்டும் போய்க்கொண்டிருக்கும். ஆவடி வருவதற்குள் முழங்கணக்கில் சேர்ந்துவிடும். நாங்கள் வாங்கிக்கொள்வது போக மிச்சம் பெரம்பூரில் விற்பனைக்கு. சாயங்காலம் இதே பெட்டியில் அவரைக்காய், கொத்தவரங்காய் எல்லாம் ஆய்ந்து முடித்துக்கொண்டுதான் வீட்டுக்குப் போகிறோம். என் மகன் ஏழாம் வகுப்பில் சேர எந்தப் பள்ளிக்கூடம் நல்லது, எந்த டாக்டர் அனாவசியமாக ஊசி போட மாட்டார், எந்தத் தெருவில் மழைத் தண்ணீர் நிற்கும் எல்லாமே எனக்கு அந்தப் பெட்டியில் சொல்லப்பட்டவை. ஒன்றுகூடத் தப்பாகப் போகவில்லை.

சாயங்காலம் கதை வேறு. அம்பத்தூரில் நின்றால் ஆவடி, பட்டாபிராம், திருவள்ளூர் வண்டிகள் அடுத்தடுத்து வரும். அரக்கோணம் வரை போகிற வண்டிக்குக் காத்திருக்கத்தான் வேண்டும். அது வரும்போது கால் வைக்க இடம் இருக்காது. திருவள்ளூர் வரை நின்றே வர மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். திருவள்ளூரில் பெட்டி பாதி காலியாகும். அப்புறம் ஏகாட்டூர், கடம்பத்தூர், மணவூர், திருவாலங்காடு என்று வயல்வெளி, நல்ல காற்று. ஆடிக் கிருத்திகை சமயத்தில் மட்டும் திருத்தணி போகும் காவடிக்காரர்கள் கூட்டம் கடைசி வரை குறையாது. அந்த நாட்களில் முடிந்தால் லீவு போட்டுவிடுகிறேன். பாதையில் எங்காவது தடங்கல் வந்தால் வேறு வழியும் கிடையாது. 2025 ஜூலையில் திருவள்ளூர் பக்கம் டீசல் ஏற்றி வந்த சரக்கு ரயில் தீப்பிடித்தபோது இந்தப் பாதையே முடங்கியது. கம்பெனியில் இதைப் புரிந்துகொள்கிற மேலாளர் இருக்க வேண்டும். எனக்கு இருக்கிறார்.

ஊருக்குள் வந்தால், காந்தி ரோட்டிலேயே வீட்டுக்குத் தேவையான எல்லாச் சாமானும் கிடைத்துவிடும், சென்னைக்கு ஓட வேண்டியதில்லை. கத்தரிக்காய் வாங்குகிறவர்கள் வேலூர்ப் பக்கத்து முள்ளு கத்தரிக்காய் வந்திருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். காம்பில் முள் குத்தும், குழம்பில் போட்டால் வெண்ணெயாகக் கரையும். 2023-ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தக் காய் கிடைத்த நாளில் எங்கள் வீட்டில் வேறு குழம்பு கிடையாது.

குறைகளில் முதலாவது தண்ணீர். போர் தண்ணீர் உப்பு, பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும். வெந்நீர் போடும் குண்டானை மாதம் ஒருமுறை புளி போட்டுத் தேய்த்தால்தான் அடி தெரியும். தலைமுடிக்கும் ஆகாது. வீடு பார்க்கும்போது சமையலறைக் குழாயைத் திறந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துப் பாருங்கள், தெருவுக்குத் தெரு மாறுகிறது. இரண்டாவது மழை. ரயில் பாதை ஊரை நடுவில் வெட்டிக்கொண்டு போவதால் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் போக இரட்டைக்கண் வாராவதி மாதிரியான பாலங்களுக்குக் கீழேதான் நுழைய வேண்டும். நல்ல மழை பெய்தால் அங்கே தண்ணீர் நிற்கும். "மழை நாள்ல வாராவதிக்குள்ள வண்டியை விட்டுடாதேம்மா, சுத்திப் போனாலும் பரவாயில்லை" என்று வீட்டுக்கார அம்மா சாவி கொடுத்த அன்றே சொன்னார். ஆகவே ஸ்டேஷனுக்கு எந்தப் பக்கம் இருந்து போகிறீர்கள் என்று பார்த்து, பாலத்தைக் கடக்க வேண்டாத பக்கமாக வீடு எடுப்பது புத்திசாலித்தனம். வெயிலைப் பற்றி வட ஆற்காட்டில் பிறந்த எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை, சென்னையில் இருந்து வருபவர்களுக்கு சித்திரை, வைகாசி கஷ்டமாக இருக்கும். கடற்காற்று இங்கே வராது.

ஊருக்கு வெளியே கடற்படையின் ராஜாளி விமான தளம் இருக்கிறது, 1992-ல் தொடங்கியது. பெரிய விமானங்கள் தாழப் பறக்கும் சத்தம் முதல் வாரம் தூக்கத்தைக் கெடுக்கும், அப்புறம் பழகிவிடும். 2015 வெள்ளத்தில் சென்னை விமான நிலையம் மூடப்பட்டபோது பயணிகள் விமானங்கள் இங்கிருந்துதான் போயின. என் மகனுக்கு இந்த ஊரில் மிகவும் பிடித்தது மொட்டை மாடியில் நின்று அந்த விமானங்களைப் பார்ப்பதுதான்.

வைத்தியம் விஷயத்தில் எனக்குத் திருப்தி. அத்தைக்குச் சர்க்கரையால் கண் பார்வை மங்கத் தொடங்கியபோது, இங்கிருந்து காட்பாடிக்கு ரயில், அங்கிருந்து பஸ் பிடித்து வேலூர் ஷெல் கண் மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். காலையில் கிளம்பி ராத்திரி வீட்டுக்கு வந்துவிட்டோம். சென்னை ஒரு பக்கம், வேலூர் சி.எம்.சி. ஒரு பக்கம், இரண்டுக்கும் நேர் ரயில் என்பது வயதானவர்கள் உள்ள வீட்டுக்குப் பெரிய பலம். அத்தையே "இங்கேயே இருந்துடலாம்" என்று சொல்லத் தொடங்கிவிட்டார்.

அதனால் மனை பார்க்க ஆரம்பித்தோம். இங்கே எச்சரிக்கை தேவை. ஒரு மனை விற்பவர் வண்ணத் துண்டுச் சீட்டைக் கொடுத்து, ஸ்டேஷனில் இருந்து பத்தே நிமிடம் என்றார். பகலில் அவர் காரில் போனபோது உண்மையாகவே அவ்வளவுதான் ஆயிற்று. நானும் வீட்டுக்காரரும் ஒருநாள் விடியற்காலை ஐந்து மணிக்கு அந்த இடத்துக்குப் போய் நின்று பார்த்தோம். தெரு விளக்கு இல்லை, ஆட்டோ இல்லை, ஒரு டீக்கடைகூட இல்லை. நாய்கள் மட்டும் இருந்தன. வேலைக்குப் போகிற ஒரு பெண் அங்கிருந்து ஆறு மணி வண்டியைப் பிடிக்க முடியாது. மனை விற்பவர் கேட்டதற்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அங்கீகாரம், ரெரா (மனை விற்பனையை ஒழுங்குபடுத்தும் ஆணையம்) எண், வில்லங்கச் சான்று, பட்டா எல்லாம் பார்ப்பதோடு பழைய கிராம வரைபடத்தில் அந்த இடம் ஏரியாக இருந்ததா, ஏரிக்கு நீர் வரும் கால்வாயாக இருந்ததா என்றும் பாருங்கள். ஏரிகள் நிறைந்த பூமி இது. ஐப்பசி, கார்த்திகையில் ஒரு தடவை போய்ப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

வாடகைக்கு வருபவர்களுக்கும் இதே முறைதான் சொல்வேன். ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்க வராதீர்கள், அன்றைக்கு ரயிலும் காலி, ரோடும் காலி, எல்லாமே பக்கத்தில் இருப்பதாகத் தோன்றும். வேலை நாளில், ஆபீஸ் முடிந்ததும் உங்கள் ஸ்டேஷனில் லோக்கல் ஏறி நின்றுகொண்டே வாருங்கள். இறங்கி, வீட்டுக்கு நடந்தே போங்கள், பெண்கள் தனியாக நடக்க வெளிச்சம் போதுமா என்று பாருங்கள். ஒன்பது மணிக்கு மேல் பல தெருக்கள் அடங்கிவிடும், என்னை அந்த நேரத்தில் வீட்டுக்காரர்தான் வந்து அழைத்துப் போகிறார். பையில் மாற்றுத்துணி எடுத்து வந்து தெரிந்தவர் வீட்டில் தங்கி, மறுநாள் காலை இங்கிருந்தே வேலைக்குப் போய்ப் பாருங்கள். அதன் பிறகும் பிடித்திருந்தால் அட்வான்ஸ் கொடுங்கள்.