பிளீச்சிங் பவுடர்: பாக்கெட்டா, சில்லறையா, திரவமா?

ஐப்பசி அடைமழையில் வாய்க்கால் தண்ணீர் வீட்டுக்குள் புகுந்து வடிந்ததும், நாகை, திருவாரூர் பக்கம் எல்லாரும் தேடுவது பிளீச்சிங் பவுடரைத்தான். தேடுவது சரியே. இந்த விலையில் இவ்வளவு வேலை செய்யும் கிருமிநாசினி வேறில்லை. ஆனால் சரக்கு கெட்டிருந்தால் செய்த வேலை அத்தனையும் வீண்.

சாக்கைப் பிரித்து நிறுத்துக் கொடுக்கும் சில்லறைத் தூளை வாங்காதீர்கள். புதுத் தூளில் 30 முதல் 33 சதவீதம் குளோரின் இருக்கும். ஈரக்காற்றும் வெயிலும் பட்டால் அது பறந்துவிடும். கடலோரக் கடையில் வாய் திறந்து கிடக்கும் சாக்கில் எவ்வளவு மிச்சமிருக்கும் என்று கடைக்காரருக்கே தெரியாது. ஒட்டி மூடிய பாக்கெட்டில் ஐஎஸ் 1065 என்ற இந்தியத் தர முத்திரையும் உற்பத்தித் தேதியும் பார்த்து வாங்குங்கள். நல்ல தூள் பொலபொலவென்று கொட்டும், பிரித்ததும் நெடி மூக்கில் ஏறும். பிசுபிசுத்துக் கட்டி தட்டி, நெடி மங்கியிருந்தால் வெறும் சுண்ணாம்பு என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கலக்கும் கணக்கு எளிது. பத்து லிட்டர் வாளிக்கு 33 கிராம், அதாவது ஒரு கிலோவுக்கு முப்பது வாளி. இது 0.1 சதவீதக் கரைசல். தரை, கதவுப்பிடி, மேடை எல்லாவற்றுக்கும் போதும். ரத்தமோ வாந்தியோ பட்ட இடத்துக்கு மட்டும் லிட்டருக்கு 17 கிராம். கண்ணளவு வேண்டாம், தராசில் நிறுங்கள்.

கையுறை போட்டு, மூக்கைத் துணியால் கட்டி, கொல்லைப்புறத்தில் வைத்துக் கலக்குங்கள். பிளாஸ்டிக் வாளிதான் வேண்டும். முதலில் கொஞ்சம் தண்ணீரில் தூளைக் குழம்பாகக் கரைத்து, பிறகு மீதித் தண்ணீரை ஊற்றுங்கள். வெந்நீர் கூடாது, குளோரின் சீக்கிரம் போய்விடும். அரை மணி நேரம் விட்டால் சுண்ணாம்பு அடியில் படியும். மேலே நிற்கும் தெளிந்த நீரை மட்டும் மொண்டு எடுங்கள். அடிக்கசடோடு துடைத்தால் தரை முழுக்க வெள்ளைத் திட்டு. போர் தண்ணீர் செம்பட்டையாக வரும் ஊர்களில் அதில் கலக்காதீர்கள்: இரும்புச்சத்து குளோரினைத் தின்று பழுப்புக் கறையை விட்டுப்போகும். கொள்ளிடக் கூட்டுக் குடிநீர் வந்தால் அதையே பிடியுங்கள்.

பலர் தவறுவது இதற்கு முன்னால். வண்டல் சேறு இருக்கும் தரையில் ஊற்றினால் சேறே குளோரினைக் குடித்துவிடும். சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, அதன் பிறகே கரைசல். பத்து நிமிடம் ஈரம் காயாமல் நிற்கட்டும். பிறகு நல்ல தண்ணீரால் துடைத்தெடுங்கள். உலர்ந்த தூளை அப்படியே வாசலில் தூவுவதால் பெரிய பலன் இல்லை. தண்ணீரில் கரைந்தால்தான் வேலை செய்யும். நாச்சியார்கோவில் குத்துவிளக்கு, பித்தளை அண்டா பக்கம் கொண்டுபோகவே வேண்டாம், கறுத்துவிடும். கலந்ததை அன்றைக்கே தீர்த்துவிடுங்கள்.

உயிருக்கே ஆபத்தானது, வேறு எதையாவது சேர்ப்பது. பாத்ரூம் ஆசிட், வினிகர், எலுமிச்சைச் சாறு சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். அம்மோனியா சேர்ந்தால் குளோரமின் என்ற நச்சுப்புகை. மாட்டுக்கொட்டகையில் மூத்திரத்தை நன்றாகக் கழுவிய பிறகே இதை ஊற்ற வேண்டும். பினாயிலோடும் கலக்காதீர்கள். நெடி திடீரென்று கூடினால் அப்படியே போட்டுவிட்டு வெளிக்காற்றுக்கு வாருங்கள். மூச்சு முட்டினால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கண்ணில் தெறித்தால் பதினைந்து நிமிடம் விடாமல் தண்ணீரில் அலசி, பிறகு டாக்டரிடம் காட்டுங்கள்.

சோடியம் ஹைப்போகுளோரைட் திரவம் படிவு இல்லாதது, அளப்பதும் சுலபம்: 5 சதவீதச் சரக்கென்றால் வாளிக்கு 200 மில்லி. மொசைக், கிரானைட் தரைக்கு இதையே தேர்ந்தெடுக்கலாம். ஆனால் வெக்கையில் தூளைவிடச் சீக்கிரம் வீரியம் இழக்கும். தேவைக்கு மட்டும் வாங்குங்கள். மஞ்சள் நீரும் வேப்பிலை நீரும் வாசலுக்கு அழகு, இந்த வேலைக்கு ஈடாகாது.

பாக்கெட்டைப் பிரித்தபின் இறுக்கி மூடிய பிளாஸ்டிக் டப்பாவில், பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில், நிழலில் வையுங்கள். யூரியா மூட்டையும் மண்ணெண்ணெயும் இருக்கும் அறையில் மட்டும் வைக்கவே கூடாது. சேர்ந்தால் தீப்பிடிக்கலாம், வெடிக்கவும் செய்யலாம்.