எல்எஸ்யு 4.2-ஆ, 4.9-ஆ: டர்போ காருக்கு எந்த வைட்பேண்ட் சென்சார்?

பூஸ்ட் (டர்போ எஞ்சினுக்குள் தள்ளும் காற்றழுத்தம்) ஏற்றப் போகிறவர்கள் வைட்பேண்ட், அதாவது புகையில் உள்ள ஆக்சிஜனை வைத்துக் காற்று-எரிபொருள் விகிதம் காட்டும் சென்சார், வாங்கும்போது தடுமாறும் இடம் இது. எல்எஸ்யு 4.2, 4.9 இரண்டு மாடல்களும் பாஷ் தயாரிப்பு. ஒரே எம்18 (18 மி.மீ.) மரை.

உழைப்பு
4.2: புகையோடு ஒப்பிடத் தேவையான காற்றை ஒயர் வழியாக வெளியிலிருந்து எடுக்கிறது. கனெக்டர் பக்கம் அழுக்கோ எண்ணெய்ப் புகையோ சேர்ந்தால் ரீடிங் மெல்ல நகரும்.
4.9: தேவையான ஆக்சிஜனைத் தானே உள்ளே பம்ப் செய்துகொள்கிறது. அந்தத் தொல்லை இல்லை.

வெப்பம்
4.9 கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். அதற்காக டர்போவுக்கு முன்னால் வைத்துவிடாதீர்கள். அங்குள்ள அழுத்தமே ரீடிங்கைக் கெடுக்கும். எதுவானாலும் டவுன்பைப்பில் (டர்போவுக்கு அடுத்து வரும் புகைக்குழாய்) டர்போவிலிருந்து 60 முதல் 90 செ.மீ. தள்ளி, கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கு முன்பாக. கிடைமட்டத்திலிருந்து 10 டிகிரியாவது மேல்நோக்கி நிமிர்ந்திருக்கட்டும். படுத்துக் கிடந்தால், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது குழாயில் திரளும் நீர் சென்சாருக்குள் இருக்கும் சூடான செராமிக்கில் பட்டு விரிசல் விடும்.

மாற்றிப் போடுவது
ஒன்றின் இடத்தில் மற்றொன்று மரையில் உட்காரும், வேலை செய்யாது. ஹீட்டர் கட்டுப்பாடும் கனெக்டரும் வேறு. கனெக்டரை வெட்டி ஒட்டும் யோசனை வேண்டாம்; அந்தச் சென்சாருக்கென்று அளந்து வைத்த ரெசிஸ்டர் அதற்குள்தான் இருக்கிறது.

ஈயம் கலந்த ரேஸ் பெட்ரோல் இரண்டுக்கும் எமன்.

புதிதாக வாங்குகிறீர்களா? 4.9, யோசிக்கவே வேண்டாம். இன்னோவேட் எல்சி-1 மாதிரி, 4.2-க்கென்று வந்த பழைய கண்ட்ரோலர் (சென்சாரை இயக்கும் பெட்டி) நன்றாக ஓடுகிறதா? சரி, 4.2-ஐயே போடுங்கள். குழாயில் முறுக்குவதற்கு முன் திறந்த காற்றில் ஒருமுறை கேலிப்ரேட் செய்துவிடுங்கள்.