கன்டெய்னர் லாரி மோதி உயிர் போனால்: 164-ஆ, 166-ஆ?

திருவொற்றியூர், எண்ணூர், மணலி பக்கம் லாரி மோதி ஆளை இழந்த குடும்பங்கள், மோட்டார் வாகனச் சட்டத்தின் எந்தப் பிரிவில் இழப்பீடு கேட்பது என்று தடுமாறுகின்றன.

நிரூபணம்
164: டிரைவர் தப்பு என்று காட்ட வேண்டாம்.
166: காட்டியே ஆக வேண்டும். எஃப்ஐஆர், குற்றப்பத்திரிகை, நேரில் பார்த்தவர் சாட்சி எல்லாம் அதற்கு உதவும். எதிர்க்கடை சிசிடிவி பதிவு சில நாளில் அழிந்துவிடும். காரியம் முடியட்டும் என்று இருக்காமல், அதைக் கைப்பற்றச் சொல்லி ஸ்டேஷனில் உடனே எழுதிக் கொடுங்கள்.

தொகை
164: 5 லட்சம், அவ்வளவுதான்.
166: வருமானத்தைப் பொறுத்தது. 38 வயது, சொந்தத் தொழில், மாதம் 20,000, மனைவி, இரண்டு பிள்ளைகள், தாய் என்று வையுங்கள். எதிர்கால வருமான உயர்வு 40% சேர்த்தால் 28,000. அவருடைய சொந்தச் செலவு கால் பங்கு போக 21,000. அதை 12 மாதத்தாலும் வயதுக்குரிய பெருக்கு எண்ணான 15-ஆலும் பெருக்கினால் 37,80,000 ரூபாய். கூலியைக் கையில் வாங்கியவருக்குச் சான்று இல்லாததால்தான் பல வீடுகளில் இது சுருங்கிப்போகிறது. பாஸ்புக், சங்க அட்டை, எதுவானாலும் தேடி எடுங்கள்.

கெடு
166: விபத்து நடந்து 6 மாதம். மனு, சென்னை உயர் நீதிமன்ற வளாகத்துச் சிறு வழக்குகள் நீதிமன்றத்தில்.

சாட்சியே இல்லை, அல்லது இறந்தவர் மேல்தான் தப்பு என்று போலீஸ் முடித்துவிட்டது என்றால் 164. மற்ற எல்லோருக்கும் 166தான். 5 லட்சத்துக்கு அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். வண்டி எதுவென்றே தெரியாவிட்டால் இரண்டும் உதவாது. மோதிவிட்டுத் தப்பிய விபத்துக்கான 2 லட்சத்தைத் தனியே கேட்க வேண்டும்.