சக்கர நாற்காலிக்கான தூண்டில் தாங்கி: வாங்கலாமா?
ஒரு கை மட்டும் இயங்கும் பிள்ளைகளையும் குளக்கரைக்குக் கூட்டிவர இந்தக் கவ்வித் தாங்கி உதவும். நாற்காலிக் குழாயின் விட்டம் பெரும்பாலும் 22 முதல் 25 மி.மீ.; கவ்வி அதைவிட அகலமாக இருந்தால் தூண்டில் கழி சுழன்றுவிடும். பழைய சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றி இறுக்கினால் நிற்கும். கழற்றக்கூடிய கைப்பிடியில் மட்டும் மாட்டாதீர்கள். பெரிய மீன் இழுத்தால் கைப்பிடியே பிடுங்கிக்கொண்டு வரும். இருக்கையை ஒட்டிய சட்டம்தான் சரி.

தாங்கி கழியைப் பிடிக்குமே தவிர, தூண்டில் நரம்பைச் சுற்றிவைக்கும் ரீலைச் சுற்றாது. அதனால் ரீல் இல்லாத 3 மீட்டர் கழியே தோது. நரம்பு கழியைவிட ஒரு சாண் குறைவாக இருந்தால், தூக்கியதும் மீன் கைக்கே வரும். கொக்கியில் எதிர்முள் (மீன் நழுவாமல் தடுக்கும், பின்நோக்கிய சிறு முள்) வேண்டாம்.

இறுக்கும் திருகுதான் மகா சிறியது. வலுவில்லாத விரல்களுக்கு ஆகாது. பெரிய குமிழாக மாற்றுங்கள். நாற்காலியைக் கரைக்குப் பக்கவாட்டில் நிறுத்தி, இரண்டு பிரேக்கையும் போடுங்கள்.